கடலைத் தோட்டக்காரருக்குப் போன பெட்டிசம்

1

மச்சாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஒருவர், நூறு வயதுக் கிழவர், தன் ஊரில் தன் வீட்டிலேயே காலமாகிவிட்டாராம். கடலைத் தோட்டம் வைத்திருந்து ஜனாதிபதியானவர் என்று சொன்னால் என் வயதுக்காரருக்கு ஆளைத் தெரியும். மச்சாள் தண்ணீர்க் குழாயை நிற்பாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் நின்றார். பிறகு திரும்பிப் போய், கழுவிய மீனைப் பையில் கட்டிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பருப்பை அடுப்பில் ஏற்றினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மரக்கறிதான். கனடாவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாம் மாடியில், எழுபது வயது யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் அமெரிக்க ஜனாதிபதிக்காக மச்சம் தின்னாமல் இருக்கிறார் என்றால் ஊரில் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மச்சாள் என்று நான் சொல்வது என் அண்ணாவின் மனைவியை. அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போய் நாற்பத்தைந்து வருடமாகிறது. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மச்சாளின் நெற்றியில் இன்றைக்கும் குங்குமம் இருக்கிறது. என் கணவர் காலமாகி ஐந்து வருடம். ஆக இந்த வீட்டில் விதவை நான், சுமங்கலி அவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், நல்ல நாள் பெருநாளுக்கு எனக்கு முன்னால் போய் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருநீறு பூசிவிடுவார். நான் பின்னால் நிற்பேன்.

அவர் அந்தக் குங்குமத்தை வைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொன்னவள் நான். சொன்னது பொய். இதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்குப் பெட்டிசம் என்றால் விளக்கத் தேவையில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் வாசித்தால், அவர்களுக்காகச் சொல்கிறேன்: மேலதிகாரிக்கு எழுதுகிற முறைப்பாட்டு விண்ணப்பம். எங்கள் ஆட்கள் பெட்டிசம் எழுதியே வளர்ந்தவர்கள். சந்தி விளக்கு எரியாவிட்டால் பெட்டிசம், வாத்தியார் ஒழுங்காகப் படிப்பிக்காவிட்டால் பெட்டிசம், பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டால் இரண்டு பெட்டிசம். கிராமத்தில் நடக்காவிட்டால் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு. கச்சேரியில் நடக்காவிட்டால் கொழும்புக்கு. மேலே இன்னொருவர் எப்போதும் இருக்கிறார், அவருடைய மேசைக்குக் காகிதம் போய்ச் சேர்ந்தால் சரி என்பது எங்கள் நம்பிக்கை.

என் அப்பா காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரிடம் கிளாக்கராக இருந்தவர். ஊருக்கே ஆங்கிலத்தில் பெட்டிசம் எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். எழுபதுகளின் கடைசியில் அவசரகாலச் சட்டம் வந்தது. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்கு நின்ற அண்ணாவைப் பகல் பதினொரு மணிக்கு, பத்துப் பேர் பார்த்திருக்க, ஜீப்பில் ஏற்றினார்கள். பிறகு கேட்டால் அப்படி ஒருவரை ஏற்றவேயில்லை என்றார்கள். அப்பா காவல் நிலையத்துக்கு எழுதினார், அரசாங்க அதிபருக்கு எழுதினார், மந்திரிக்கு எழுதினார், கடைசியில் கொழும்பில் இருந்த எல்லாரிலும் பெரிய மனிதருக்கும் எழுதினார். எதற்கும் பதில் இல்லை.

அதற்கு மேலே யார்? அந்த நாட்களில் வானொலியைத் திருகினால் கடலைத் தோட்டக்காரரின் பேச்சுத்தான். எகிப்தையும் இஸ்ரேலையும் ஒரு மேசையில் இருத்திக் கைகுலுக்க வைத்தார், பனாமாக்காரருக்குக் கால்வாயைத் திருப்பிக் கொடுக்க ஒப்பந்தம் போட்டார், வாய் திறந்தால் மனித உரிமை என்றார். வேறு நாட்டு அரசாங்கம் தன் சனத்தை எப்படி நடத்துகிறது என்பது தனக்கும் உரிய விஷயம் என்று சொன்ன பெரிய மனிதரை அப்பா அதற்கு முன் கேள்விப்பட்டதேயில்லை. கொழும்புக்கு மேலே ஒரு கந்தோர் திறந்துவிட்டார்கள் என்றுதான் அவர் அதை விளங்கிக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

எனக்குப் பத்தொன்பது வயது. பட்டணத்தில் ஒரு ரியூட்டரியில் ரைப்பிங் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா நிலத்தைப் பார்த்தபடி நின்று சொல்லச் சொல்ல, மூன்று கார்பன் தாள் வைத்து நான் தட்டினேன். அண்ணாவின் பெயர், வயது, உயரம், இடது புருவத்துக்கு மேல் இருந்த வெட்டுக்காயத் தழும்பு எல்லாம் எழுதினோம். உடுத்திருந்த சட்டையின் நிறத்தை மச்சாள் அறைக்குள் இருந்தே சொன்னார். முடிவில், கச்சேரிக்கு எழுதும்போது போடுவதுபோலவே, தங்கள் பணிவுள்ள ஊழியன் என்று போட்டு அப்பா கையொப்பம் வைத்தார்.

3

பதில் நாலு மாதத்தில் வந்தது. கனமான பால்நிற உறை, உள்ளே கழுகுச் சின்னம் போட்ட காகிதம். தபால்காரர் அதைச் சைக்கிள் கரியரில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஒழுங்கைச் சனம் முழுக்க அவருக்குப் பின்னால் வந்தது.

அப்பா அன்றைக்கு வீட்டில் இல்லை. ஆங்கிலம் வாசிக்கக்கூடியவள் நான் மட்டும். அம்மா அதற்கு முன்பு பல நாட்களாகச் சோற்றைக் கையால் அளைந்துவிட்டு எழும்பிவிடுவார். தோளெலும்பு சட்டைக்கு மேல் தெரியத் தொடங்கியிருந்தது. மச்சாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உறையைக் கிழித்தேன்.

ஐந்து வரி. எழுதியமைக்கு நன்றி. பல நாட்டு நண்பர்களிடமிருந்தும் கடிதம் வருவதில் மகிழ்ச்சி. எண்ணிக்கை அதிகம் என்பதால் ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத இயலவில்லை. வாழ்த்துகள். கீழே கையொப்பம். எழுத்தைப் பார்த்தேன், ரைப் அடித்ததல்ல, அச்சடித்தது. கையொப்பமும் அச்சு. ரைப்பிங் படிக்கிறவளுக்கு அது உடனே தெரியும், எழுத்து காகிதத்தின் பின்பக்கம் புடைக்கவேயில்லை. எங்கள் ஊரின் பெயர் அதில் இல்லை. அண்ணாவின் பெயர் இல்லை. அப்பாவின் பெயர்கூட உறையில் மட்டும்தான் இருந்தது.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

நான் அம்மாவின் தோளெலும்பைப் பார்த்தேன். "விஷயத்தைக் கவனத்தில எடுத்திருக்கினமாம். ஆளைப் பற்றி விசாரிக்கச் சொல்லியிருக்கிறாராம்" என்றேன்.

ஒழுங்கையே பெருமூச்சு விட்டது. அம்மா எழும்பிப் போய்க் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்து, எல்லாருக்கும் முன்னால் இருந்து சாப்பிட்டார். மச்சாள் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றினார்.

பின்னேரம் அப்பா வந்தார். கடிதத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, ஒருமுறை வாசித்தார், இன்னொருமுறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடிதத்தை மடித்து மச்சாளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஓம், அப்பிடித்தான் எழுதியிருக்கு" என்றார். அதைப் பற்றி அவரும் நானும் அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசியதில்லை.

கொஞ்ச நாளுக்குத்தானே என்று நினைத்தேன். அம்மா தேறட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு இன்றைக்கும் என்மேல் வருகிற ஆத்திரம் அந்தப் பொய்யால் இல்லை, இந்த நினைப்பால்தான்.

4

அந்த நேரம்தான் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்து ஆட்களைப் பிடித்து வைத்தார்கள். ஐம்பத்திரண்டு பேர் கடைசிவரை உள்ளே. உலகம் அதை அரசியலாகப் பார்த்தது, மச்சாள் அதை வரிசையாகப் பார்த்தார். அந்த ஐம்பத்திரண்டு பேரின் விஷயம் முடிந்தால்தான் பெரியவருக்கு எங்கள் ஆளைப் பார்க்க நேரம் வரும் என்று கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்காகவும் ஒரு விளக்கு வைத்தார். பாலைவனத்தில் ஹெலிகொப்ரர் விழுந்த செய்தியைக் கேட்டு அவர் அழுததை ஊரில் யாரும் விளங்கிக்கொள்ளவில்லை. நானூற்று நாற்பத்து நாலு நாள் கழித்து அவர்களை விட்டார்கள். கடலைத் தோட்டக்காரர் பதவிக் கதிரையை விட்டு இறங்கிய அதே நாள் விட்டார்கள்.

"அப்ப எங்கட ஆள்?" என்று மச்சாள் கேட்டபோது அப்பாதான் பதில் சொன்னார். கச்சேரியில் அரசாங்க அதிபர் மாறிப் போனாலும் கோப்பு அங்கேதான் இருக்கும், புதிதாக வருகிறவர் அதைத்தான் எடுப்பார் என்றார். சொன்னதோடு நில்லாமல், புதிதாக வந்த சினிமா நடிகருக்கு ஒரு நினைவூட்டல் கடிதமும் போட வைத்தார், அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முன்னைய கடிதத்தின் திகதியை மேலே போட்டோம். பதிலாக ஒரு படம் வந்தது, சிரித்துக்கொண்டிருந்தார். மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை, இவர் முந்தினவர் மாதிரி இல்லை என்றார். கடலைத் தோட்டக்காரரின் கடிதம் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஏறியது. அடுத்த வருடம் அப்பா காலமாகிவிட்டார். பொய்க்கு நான் மட்டும் மிஞ்சினேன்.

குவைத்துக்குப் படை அனுப்பிய அடுத்த ஜனாதிபதிக்கு, அதற்குள் கனடாவுக்கு வந்துவிட்ட நான் ரொறன்ரோவிலிருந்து எழுதினேன். அப்போது மச்சாள் அம்மாவோடு ஊரில் இருந்தார். கடிதத்துக்குக் கடிதம், எழுதிப்போட்டியா, எழுதிப்போட்டியா என்று கேட்டிருப்பார். குவைத்துக்காகக் கடல் கடந்து போகிறவர்கள் எங்களுக்காகவும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்களா என்பது அவருடைய நியாயம். அவருக்குப் பிறகு சக்சபோன் வாசிக்கிற ஜனாதிபதி வந்தபோது மச்சாளும் இங்கே வந்துவிட்டார். அவர் பாலஸ்தீனத்திலும் அயர்லாந்திலும் சமாதானம் பேசினார் என்றதும், இதுதான் சரியான ஆள் என்று என்னை மேசையில் இருத்தினார். அடித்தேன். எனக்குக் கை பழகிவிட்டது.

மச்சாளின் அகதி விசாரணைக்கு நானும் போனேன். படிவத்தில் திருமணமானவரா, விதவையா என்ற இடத்தில் அவர் திருமணமானவர் என்றே போடச் சொல்லியிருந்தார். கணவர் எங்கே என்று விசாரணை அதிகாரி கேட்டார். மச்சாள் பைக்குள்ளிருந்து சட்டம் போட்ட கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, இவருக்குத் தெரியும் என்றார். மொழிபெயர்ப்பாளருக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு நிமிடம் பிடித்தது. அதிகாரி, அவரும் ஒரு பெண்தான், கடிதத்தை மெதுவாக வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் அப்பா பார்த்த அதே பார்வை. பிறகு இரண்டு கையாலும் சட்டத்தை எடுத்து மச்சாளிடம் திருப்பிக் கொடுத்தார். அகதி நிலை கிடைத்தது. கடிதம்தான் வாங்கித் தந்தது என்று மச்சாள் நம்பினார். அதற்குப் பிறகு நான் எப்படி வாய் திறப்பேன்?

எனக்கு இங்கே கிடைத்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு காப்புறுதிக் கம்பனியில் வாடிக்கையாளர் எழுதும் கடிதங்களுக்குப் பதில் அனுப்பும் பகுதி. பதில்களை முன்கூட்டியே எழுதி இலக்கம் போட்டு வைத்திருப்பார்கள். வந்த கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்து, பொருத்தமான இலக்கத்தை அழுத்தினால் அச்சாகி வரும். பதினேழாம் இலக்கம், தங்கள் கடிதத்துக்கு நன்றி என்று தொடங்கும். இருபத்தாறு வருடம் அதை அழுத்தினேன். யாரோ ஒரு கிழவி தன் புருஷனின் கடைசி நாட்களைப் பற்றி நாலு பக்கம் கையால் எழுதியிருப்பாள், நான் பதினேழை அழுத்துவேன். அந்தப் பதிலை அங்கே அவள் யாரிடம் கொடுத்து வாசிப்பித்தாளோ என்று நினைத்தபடி பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். வந்தால் சாமித்தட்டில் என்னுடைய பதினேழு கண்ணாடிக்குள் இருக்கும்.

போர்க்கால இடப்பெயர்வு நேரம் அம்மா ஊரில் செத்துப்போனார். யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாத காலம். கடிதம் சுற்றிச் சுற்றி எங்களிடம் வந்தபோது நாற்பது நாள் கடந்துவிட்டது. முப்பத்தொரு நாள் துடக்கே, அந்தச் சாவுத் தீட்டே, முடிந்துவிட்டது, இனிக் காப்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். மச்சாள் ஒத்துக்கொள்ளவில்லை. தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கேள்விப்பட்ட நாள்தான் செத்த நாள் என்றார். அன்றிலிருந்து முப்பத்தொரு நாள் எண்ணினோம், கோயில் வாசலை மிதிக்கவில்லை.

5

நிரோ என் ஒரே மகள், இங்கே பிறந்தவள். பத்து வயதில் ஒருநாள் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள். இதில் மாமாவைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். பொத்தின கை கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. மாமிக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். பிள்ளை சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டு அறிந்துகொள்வதை விட்டுவிட்டாள். நான் சொல்லும் எதையும் தானாக ஒருமுறை சரிபார்த்துக்கொள்வாள். மொழியால் பிள்ளைகள் விலகிப் போகிறார்கள் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். என்னுடைய பிள்ளை விலகிப் போனது மொழியால் அல்ல.

பல்கலைக்கழகத்தில் அவள் எடுத்ததும் அந்தக் காலத்து வெளிநாட்டுக் கொள்கைதான். ஒருமுறை வந்து, உங்கள் கடலைத் தோட்டக்காரர் மனித உரிமை பேசிக்கொண்டே வேண்டிய இடத்தில் ஈரானின் ஷா போன்றவர்களுக்கு விருந்தும் வைத்தார் என்று விளக்கினாள். எங்கள் தீவு அவர்களுடைய வரைபடத்தில் துறைமுகமாக மட்டும்தான் இருந்திருக்கும் என்றாள். தாத்தாவின் பெட்டிசம் எங்கேயாவது இருக்கிறதா என்று பழைய காகிதங்களை வைத்திருக்கிற இடத்துக்கு எழுதியும் கேட்டிருக்கிறாள். அந்தப் பெயரில் எதுவும் அகப்படவில்லை என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலில் தாத்தாவின் பெயர் இருந்தது என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

இப்போது நகரத்துக்குள் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமிக்குத்தான் போன் எடுப்பாள், எனக்கு அல்ல.

கிழவரின் இறுதிச் சடங்கைத் தொலைக்காட்சியில் முழுவதும் இருந்து பார்த்தபின், மச்சாள் அவளுக்குத்தான் போன் எடுத்தார். கிழவரின் ஊர் எங்கே, பஸ்ஸில் போகலாமா, பிளேனா என்று கேட்டார். பிள்ளைகளைக் கண்டு துக்கம் விசாரிக்க வேண்டுமாம். கோப்பு வீட்டில்தான் இருக்கும், மனிதர் நூறு வயது வரை இருந்ததே கையில் எடுத்த காரியத்தை முடிக்காமல் போக மனமில்லாமல்தான், பிள்ளைகள் தேடித் தருவார்கள் என்றாராம். கடலையும் சோளமும் விளைகிற அந்த ஊரில், முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில், எங்கள் மச்சாள் காஞ்சிபுரம் உடுத்துக்கொண்டு சட்டம் போட்ட ஐந்து வரியோடு போய் நிற்பதை நான் கண்ணுக்குள் கண்டேன். கதவைத் திறக்கிறவர் நல்லவராக இருந்தால் இன்னும் மோசம். அவரும் வாசித்துவிட்டு நிமிர்ந்து அதே பார்வை பார்ப்பார், இந்த முறை மச்சாளைப் பார்ப்பார்.

நிரோ எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமி டிக்கட் போடச் சொல்லுறா. நான் போடமாட்டன்" என்றாள். "நீங்க சொல்லுங்கோ அம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள. இல்லாட்டி ஐ வில்."

போனை வைத்துவிட்டாள். திங்கள் போனது, செவ்வாய் போனது. மச்சாள் பயணப் பெட்டியை இறக்கித் துடைத்தார். கடிதத்தின் கண்ணாடியை நீலத் திரவம் அடித்துத் துடைத்தார். வியாழன் இரவுச் சாப்பாட்டில் இரண்டுமுறை வாய் எடுத்து, இரண்டுமுறையும் ரசம் கேட்டேன்.

6

வெள்ளிக்கிழமை காலை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் மச்சாள். கிழவருக்கு மோட்ச அருச்சனை, பயணத்துக்கு ஒரு அருச்சனை. கடிதத்தைச் சாமியின் காலடியில் வைத்து எடுக்க வேண்டுமாம். நான்தான் கார் ஓடினேன். பனி கொட்டி முடிந்திருந்தது, சாலைக்கு உப்புப் போட்டிருந்தார்கள். சட்டத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கிழவரின் நட்சத்திரம் தெரியாதே, ஐயரிடம் என்ன சொல்வது என்று மச்சாள் வழி முழுக்க யோசித்தார்.

கோயில் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிற்பாட்டினேன். எஞ்சினை நிற்பாட்டவில்லை. அவர் கதவில் கை வைத்தபோது, கொஞ்சம் இருங்கோ மச்சாள் என்றேன். துவாயை விரித்து, கடிதத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தமிழ் சொன்னேன். இந்த முறை இருப்பதை மட்டும் சொன்னேன். ஐந்து வரிதானே, சீக்கிரம் முடிந்துவிட்டது.

மச்சாள் கடிதத்தின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ர அண்ணையின்ர பேர் இதில இல்லையோ?"

"இல்லை மச்சாள்."

"ஒரு இடத்திலயும்?"

"ஒரு இடத்திலயும் இல்லை. அச்சடிச்ச கடிதம். எல்லாருக்கும் இதைத்தான் அனுப்புவினம்."

"மாமாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"மாமிக்கு?"

"அம்மாவுக்குத் தெரியாது."

"அவ அண்டைக்குச் சாப்பிட்டவ" என்றார் மச்சாள். அது கேள்வியா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஓம் என்றேன். அழுகை வந்தது. எனக்கு அழ உரிமை இல்லை என்று நினைத்து அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் அழவில்லை. வெளியே பார்த்தபடி, "அண்டைக்குச் சொன்னதை விடு. நீ சின்னப் பிள்ளை" என்றார். "இஞ்ச வந்து முப்பது வருஷம், வசந்தி. ஒரு அடுப்பில சமைச்சுச் சாப்பிட்டனாங்கள். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்."

அப்பா இருந்தபோது அம்மாவுக்காக, அம்மா போனபின் மச்சாளுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்காகத்தான். பொய்க்காரி என்று அந்தப் பெண் என்னைப் பார்க்கிற பார்வைக்குப் பயந்து, அவருடைய வாழ்க்கையையே நான் எடுத்துக்கொண்டேன். அவருக்கு இருபத்தைந்து வயதில் வேறொரு வாழ்க்கை அமைந்திருக்கலாம். அழுது முடித்து எழும்பியாவது இருக்கலாம்.

மச்சாள் கடிதத்தை மீண்டும் துவாயில் சுற்றி, தான் இருந்த ஆசனத்திலேயே வைத்துவிட்டு இறங்கினார். பனியில் வழுக்காமல் சிறு சிறு அடியாக வைத்து நடந்தார். நான் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றதுபோல் விலகினார்.

உள்ளே சப்பாத்துகளைக் கழற்றி வைத்தோம். அருச்சனைத் துண்டு எழுதும் இடத்தில் ஒரு அன்ரி இருந்தார், வெள்ளிக்கிழமைகளில் எங்களைக் கண்டு பழகியவர். மோட்ச அருச்சனை ஒன்று என்றார் மச்சாள். பெயர் என்ன என்று அன்ரி கேட்டார். மச்சாள் அண்ணாவின் முழுப் பெயரைச் சொன்னார். நாற்பத்தைந்து வருடமாக அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை, புருஷன் பெயர் சொல்லாத காலத்துப் பெண். நட்சத்திரம் கேட்டார் அன்ரி. உத்தரட்டாதி என்றார் மச்சாள். உறவு கேட்டார். என்ர அவர் என்றார்.

அன்ரி பேனாவை நிறுத்தி மச்சாளின் நெற்றியைப் பார்த்தார். "எப்ப காலமானவர்?"

"இண்டைக்கு."

"இண்டைக்கோ?"

"ஓம். இப்பதான் கேள்விப்பட்டனான்."

அன்ரி எழும்பிவிட்டார். துக்கம் விசாரிப்பதா, முறையைச் சொல்வதா என்று தெரியாமல் தடுமாறினார். கடைசியில், குரலைத் தாழ்த்தி, "அப்ப துடக்கெல்லோ அம்மா. உள்ளுக்கு வரக்கூடாதே" என்றார்.

"ஓம் பிள்ளை. பிழைதான், மன்னிச்சுக்கொள்ளும்" என்றார் மச்சாள். சாமி இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சப்பாத்து வைத்த இடத்துக்கு நடந்தார்.

நான் அங்கேயே நின்றேன். பின்னால் போக எனக்கு என்ன முகம் இருக்கிறது? உள்ளே தீபாராதனைக்கு மணி அடித்தது, பழக்கத்தில் கை கூப்பினேன். அன்ரி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

மச்சாள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசற் கதவைத் திறந்துவிட்டார். குளிர் உள்ளே வந்தது. கதவைப் பிடித்தபடியே நின்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"அங்க என்ன கும்பிடுறாய்?" என்றார். "அவரோட கூடப் பிறந்தனி. உனக்கும் துடக்குத்தான், வசந்தி. வெளிய வா."